புதுச்சேரியில் படிக்க வருகிறீர்களா? ரூம் பிடிப்பதில் இருந்து சாவியைத் திருப்பிக் கொடுப்பது வரை

புதுச்சேரியில் சீட் கிடைத்ததும் முதலில் செய்ய வேண்டியது ரூம் தேடுவது இல்லை, உங்கள் கல்லூரி எந்த ஊரில் இருக்கிறது என்று பார்ப்பது. சிரிக்காதீர்கள். பெயரில் புதுச்சேரியை வைத்திருக்கும் என்.ஐ.டி. இருப்பது காரைக்காலில், இங்கிருந்து தெற்கே சுமார் 130 கி.மீ. பல்கலைக்கழகம் இருப்பது வடக்கே காலாப்பட்டில், பஸ் ஸ்டாண்டில் இருந்து பத்துப் பன்னிரண்டு கி.மீ. தள்ளி. மேற்கே விழுப்புரம் சாலையில் மதகடிப்பட்டுப் பக்கம் இருக்கும் கல்லூரியில் சேர்ந்துவிட்டு, கடற்கரை ஓரமாக ரூம் எடுத்து, மூன்றாவது வாரமே பெட்டியைக் கட்டிய பையனை எனக்குத் தெரியும். தினமும் காலையில் ஒரு மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டே போனால் கடலாவது காற்றாவது.

நான் கடலூர்க்காரன். திருப்பாதிரிப்புலியூரில் இருந்து காலாப்பட்டுக்குப் படிக்கப் போய், இரண்டு ரூம் மாறி, ஒரு அட்வான்ஸில் பாதியை விட்டு, அப்புறம்தான் இந்த ஊரில் எப்படி இருக்க வேண்டும் என்று புரிந்தது. இந்த ஊருக்குள் இரண்டு ஊர் இருக்கிறது: வெள்ளி இரவு வந்து ஞாயிறு மாலை கிளம்புகிறவர்களுக்கு ஒன்று, வருஷம் பூராவும் இருக்கிறவர்களுக்கு இன்னொன்று. முதல் ஊரில் ரூம் தேடினால் காசும் போகும், தூக்கமும் போகும். கீழே இருப்பதெல்லாம் இரண்டாவது ஊருக்கான வழி.

முதலில் திசை

காகிதத்தில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் பல்கலைக்கழகம், பிள்ளைச்சாவடியில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் (பழைய பாண்டிச்சேரி பொறியியல் கல்லூரிதான், பெரியவர்கள் இன்னும் பி.இ.சி. என்றுதான் சொல்வார்கள்), அரசு சட்டக் கல்லூரி. இதே காலாப்பட்டில்தான் மத்தியச் சிறையும் இருக்கிறது என்பதால், "காலாப்பட்டில் இருக்கேன்" என்று ஊரில் சொன்னால் ஒரு நிமிஷம் ஒரு மாதிரி பார்ப்பார்கள், கண்டுகொள்ளாதீர்கள். வடமேற்கே கோரிமேட்டில் ஜிப்மர். லாஸ்பேட்டையில் தாகூர் கலைக்கல்லூரி, காஞ்சி மாமுனிவர் மையம், பாலிடெக்னிக்குகள். மேற்கே வில்லியனூர் தாண்டித் தனியார் கல்லூரிகள். தெற்கே, கடலூர் சாலையில், அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம்.

காலாப்பட்டில் படிப்பவர்களுக்கு மூன்று வழி. பெரிய காலாப்பட்டிலேயே இருப்பது: வகுப்புக்கு நடந்து போகலாம், ஆனால் இரவு ஒன்பதுக்கு மேல் பொழுதுபோக்கு என்று ஒன்றும் கிடையாது. ஊருக்குள் இருப்பது: எல்லாம் பக்கத்தில், வாடகைதான் இடிக்கும். மூன்றாவது, என் ஓட்டு விழுவது, முத்தியால்பேட்டை. ஊரின் வட முனை, காலாப்பட்டு டவுன் பஸ் போகிற வழி, மணிக்கூண்டைச் சுற்றி மளிகை, மருந்து, இஸ்திரி, டிபன் எல்லாம் இருக்கும், சுற்றுலாக்காரர்கள் அதிகம் எட்டிப் பார்க்காத இடம்.

முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம். அங்கிருந்து பொம்மையார்பாளையம் வரை தமிழ்நாடு, அப்புறம் மறுபடி புதுச்சேரி. சாலையில் போகும்போது எல்லை மாறுவது தெரியாது, பெட்ரோல் விலையைப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் ரூம் எடுக்கும்போது இது முக்கியம். கோட்டக்குப்பத்தில் இருந்தால் உங்கள் முகவரி விழுப்புரம் மாவட்டம், கரன்ட் தமிழ்நாடு மின்வாரியம், பிரச்சினை என்று போனால் போக வேண்டிய ஸ்டேஷனும் தமிழ்நாட்டுடையது. வாடகை கொஞ்சம் இறங்கி வரும், அதனால் தப்பில்லை, தெரிந்துகொண்டு எடுங்கள்.

கடலூர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கிருமாம்பாக்கம் பக்கம் கல்லூரி என்றால் ரூமே வேண்டாம், வீட்டில் இருந்தே போங்கள், முள்ளோடை தாண்டினால் வந்துவிடும். காலாப்பட்டு என்றால் வேறு கணக்கு. கடலூர் – புதுச்சேரி பஸ் நிமிஷத்துக்கு ஒன்று மாதிரி ஓடுகிறதுதான், ஆனால் முருங்கப்பாக்கத்தில் மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து மறுகோடிக்குப் போவதற்குள் முதல் வகுப்பு முடிந்திருக்கும். ரயிலில் போகலாமே என்று கேட்காதீர்கள், இரண்டு ஊருக்கும் நேர்ப்பாதை இல்லை, விழுப்புரம் சுற்றித்தான் வர வேண்டும்.

ஹாஸ்டலா ரூமா

ஹாஸ்டல் கிடைத்தால் முதல் வருஷம் ஹாஸ்டல். யோசிக்கவே வேண்டாம். மெஸ் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டே நாலு நண்பர்கள் கிடைப்பார்கள், அந்த நாலு பேரோடு இரண்டாம் வருஷம் வெளியே ரூம் எடுக்கலாம். சேர்க்கை உறுதியான அன்றே விண்ணப்பம் போடுங்கள், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் அப்புறம் இருக்காது.

கிடைக்கவில்லை என்றால் பி.ஜி. அல்லது ரூம். பி.ஜி.யில் கட்டில், சாப்பாடு, வைஃபை எல்லாம் சேர்த்து ஒரு தொகை. பெண் பிள்ளைகளுக்கு அதுவே வசதி. என் தங்கைக்கு லாஸ்பேட்டையில் தேடியபோது அவள் என்னை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போய், ஏற்கெனவே தங்கியிருக்கும் இரண்டு பெண்களோடு தனியாகப் பேசினாள். வார்டன் இரவு அங்கேயே தூங்குகிறாரா, கேட் எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள், பஸ் லேட்டானால் திறப்பார்களா, பிளம்பர் வந்தால் கூட யார் வருவார்கள். சாப்பாட்டைப் பற்றிக் கடைசியாகத்தான் கேட்டாள். மூன்று இடம் பார்த்து, சுவரில் பெயின்ட் உரிந்த மூன்றாவது இடத்தை எடுத்தாள். முதல் இரண்டும் பளபள என்று இருந்தன, ஆனால் அங்கே இருந்த பெண்கள் ஓனர் பக்கத்தில் இருக்கும்வரை வாயே திறக்கவில்லையாம்.

எப்போது, எப்படித் தேடுவது

கடைசி வருஷ மாணவர்கள் காலி செய்வது மே, ஜூன். வகுப்பு ஆரம்பித்த பிறகு போனால் மிச்சம் மீதிதான் இருக்கும். எனவே மே கடைசியில் ஒரு முறை, பெட்டி இல்லாமல், வெறும் கையோடு வாருங்கள். சனி, ஞாயிறில் வேண்டாம். அந்த இரண்டு நாள் லாட்ஜ் வாடகை ஏறிக் கிடக்கும், வீட்டுக்காரர்களும் ஹோம்ஸ்டே கணக்கில் பேசுவார்கள். செவ்வாய், புதன் நல்லது.

இணையத்தில் பார்த்து வருவதில் தப்பில்லை, பார்க்காத அறைக்கு "டோக்கன் அட்வான்ஸ்" என்று ஜிபேயில் அனுப்புவதுதான் தப்பு. போட்டோவில் இருந்த வீட்டைத் தேடி வந்து, அந்த வீட்டுக்காரருக்கே விஷயம் தெரியாமல் வாசலில் நின்றவர்கள் உண்டு. புரோக்கர் என்றால் வழக்கமாக ஒரு மாத வாடகை கமிஷன், பேசும்போதே அதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் மேலான வழி இஸ்திரி வண்டிக்காரர். எந்த வீட்டில் யார் காலி செய்கிறார்கள், எந்த வீட்டு ஓனர் கோபக்காரர், எந்த மாடியில் தண்ணி வராது என்பது தெருவிலேயே அவருக்குத்தான் முதலில் தெரியும். அடுத்தது டீக்கடை, அப்புறம் தண்ணீர் கேன் போடும் பையன்.

எனக்கு முத்தியால்பேட்டை ரூம் அப்படித்தான் கிடைத்தது. மாடி போர்ஷன், கீழே வீட்டுக்கார அம்மா. திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்:

"எந்த ஊரு தம்பி?"

"கடலூருங்கம்மா."

"கடலூரா? அப்புறம் எதுக்கு ரூமு? பஸ்ஸுலயே வந்துட்டுப் போயிடலாமே."

காலாப்பட்டு என்றதும் கொஞ்சம் இறங்கினார். அடுத்த கேள்விகள் வரிசையாக: எத்தனை பேர், சிகரெட் உண்டா, கறி சமைப்பீங்களா, கருவாடு வறுப்பீங்களா. கருவாட்டுக்கு மட்டும் பொய் சொன்னேன். ஊருக்கு வந்து ரூம் தேடும் எல்லோரிடமும் சொல்வேன், பேச்சுலர் என்றால் வீட்டுக்காரர்களுக்குச் சந்தேகம் இருக்கத்தான் செய்யும், கோபப்படாமல் பதில் சொல்லுங்கள், முடிந்தால் முதல் தடவை அப்பாவையோ அம்மாவையோ கூட்டிப் போங்கள். ஆனால் சாதி கேட்டு அதற்கேற்ப முகம் மாறுகிற வீடு என்றால், எவ்வளவு நல்ல ரூமாக இருந்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவது நல்லது, அங்கே இரண்டு வருஷம் நிம்மதியாக இருக்க முடியாது.

அறையைப் பார்ப்பது

இதில் அவசரப்படாதீர்கள். நான் அவசரப்பட்டுத்தான் முதல் ரூமில் மாட்டினேன்.

ஊருக்குள் ஒரு தாழ்வான நகரில் தரைத்தளம், மூன்று பேருக்கு 7,500 ரூபாய், இந்த விலைக்கா என்று மகிழ்ந்து அன்றைக்கே 15,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். ஜூலையில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நவம்பரில் ஒரு இரவு நல்ல மழை, இரண்டு மணிக்குக் கால் நனைகிற மாதிரி இருக்கிறதே என்று எழுந்தால், பாய் மிதக்கிறது. ரெக்கார்டு நோட்டு, அரிசி, மூன்று பேர் செருப்பு எல்லாம் அறைக்குள் ஊர்வலம் போகின்றன. தண்ணீர் வடிந்த பிறகு பீரோவை நகர்த்திப் பார்த்தால் அதன் பின்னால் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பழுப்பாக ஒரு கோடு, அதற்கு ஒரு சாண் மேலே இன்னொரு மங்கலான கோடு. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் வந்த தண்ணீரின் கையெழுத்து. காலி செய்யும்போது, சுவர் பாழாகிவிட்டது என்று பெயின்ட்டுக்கு 7,000 பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார் ஓனர்.

எனவே பீரோ, காலண்டர், புது ஸ்டிக்கர் எதுவாக இருந்தாலும் பின்னால் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை இந்தக் கரையைச் சும்மா விடாது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற இடங்கள் சாதாரணக் கனமழைக்கே தேங்கும். நல்ல வீடுகள் அங்கேயும் இருக்கின்றன, மாடியாக இருந்தால் எடுக்கலாம், தரைத்தளம் வேண்டாம். அதே சமயம் மொட்டை மாடியில் தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட ஒற்றை அறையும் வேண்டாம், மே மாதத்தில் அது அடுப்பு.

அடுத்தது தண்ணீர். கடலோரத்தில் பல போர்வெல்களில் உப்பு ஏறியிருக்கும். குழாயைத் திறந்து ஒரு வாய் வைத்துப் பாருங்கள், கையில் சோப்புப் போட்டுப் பாருங்கள், நுரை வராமல் திரிதிரியாக வந்தால் தலைமுடியின் கதி உங்களுக்கே தெரியும். மோட்டார் யார் கையில், ஒரு நாளைக்கு எத்தனை தடவை போடுவார்கள் என்று கேளுங்கள். குடிக்க எப்படியும் 20 லிட்டர் கேன்தான், அதை மாடிக்குத் தூக்கிக் கொடுப்பார்களா என்பதும் ஒரு கேள்வி.

கரன்ட்டுக்குத் தனி மீட்டரா, சப் மீட்டரா, யூனிட்டுக்கு எவ்வளவு. சப் மீட்டர் என்றால் சேர்ந்த அன்றைய ரீடிங்கைப் போட்டோ எடுங்கள். செல்போன் சிக்னல் உள் அறையில் வருகிறதா. வண்டி நிறுத்த இடம் உண்டா. எல்லாம் பிடித்தால் அதே நாள் இரவு எட்டு மணிக்கு மறுபடி ஒரு முறை அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். பகலில் தெரியாத ஒயின் ஷாப் இரவில் தெரியும்.

அட்வான்ஸ், ஒப்பந்தம்

வாய்வார்த்தை வேண்டாம். என் முதல் அட்வான்ஸுக்கு இருந்த ஒரே ஆதாரம், ஓனர் தினக்காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்த "ரூ.15,000 வரவு" மட்டும்தான், கையெழுத்துகூட இல்லை. முன்பக்கம் அன்றைக்கு எங்கள் ராசிக்குப் பண விரயம் என்று போட்டிருந்தது, நாங்கள்தான் திருப்பிப் பார்க்கவில்லை.

வழக்கமாக 11 மாத ஒப்பந்தம் போடுவார்கள், ஒரு வருஷத்தைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று பதிவுச் சட்டம் சொல்வதால் வந்த பழக்கம் இது. அதில் நாலு விஷயம் எழுத்தில் இருக்கட்டும்: அட்வான்ஸ் தொகை, காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், பெயின்ட்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள், வாடகை எப்போது எவ்வளவு ஏறும். தமிழ்நாட்டுப் பக்கம் எடுத்தால், அங்கே உள்ள 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வேறு விதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. நாம் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் போச்சு, அதனால் பேசவேண்டியதைப் போடும் முன்பே பேசுங்கள். பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். ஆதார் நகல் கொடுக்கும்போது அதன் மேலேயே "வாடகைக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். குடி போகும் அன்று அறை முழுக்க ஒரு வீடியோ, விரிசல், உடைந்த சுவிட்ச், கறை எல்லாம் தெரிகிற மாதிரி, ஓனருக்கே வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள்.

வாயும் வயிறும்

மூன்று பேர் இருந்தால் காலையும் இரவும் சமையல், மதியம் வெளியே என்பது எங்களுக்கு ஒத்து வந்தது. 5 கிலோ சின்ன சிலிண்டர் அடையாள அட்டையைக் காட்டினாலே கிடைக்கும். செலவுக்கு ஒரு பொது டப்பா வைத்துவிடுங்கள், "நேத்து நான்தானே தக்காளி வாங்கினேன்" என்று நட்பு முறிந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். காய், மீனுக்குக் குபேர் மார்க்கெட், ஊரில் பெரிய மார்க்கெட் என்றால்தான் தெரியும். ஊருக்கு நடுவே ஓடும் வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சு வீதிகளில் ஒரு காபிக்குக் கொடுக்கும் காசில் மேற்கே இரண்டு வேளை சாப்பிட்டுவிடலாம். ஊரில் இருந்து யாராவது வந்து அவர்கள் செலவில் என்றால் கிழக்கே போங்கள்.

போக்குவரத்துக்கு டவுன் பஸ், ஊருக்குள் டெம்போ. ஆட்டோவில் ஏறும் முன்பே பேரம் பேசி முடித்துவிட வேண்டும். பைக் வைத்திருப்பவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் பறக்காதீர்கள், ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போகாதீர்கள். சென்னை போகும் வண்டிகள் அங்கே மாணவன் என்று பார்த்து ஓட்டுவதில்லை.

சனிக்கிழமைப் பிரச்சினை

இதை யாரும் முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள். பாண்டியில் ரூம் எடுத்த செய்தி ஊரில் பரவினதும், பத்தாம் வகுப்புக்குப் பிறகு பேசாத நண்பன்கூட "மச்சான், எப்படி இருக்க?" என்று ஆரம்பிப்பான். நலம் விசாரிப்பு இல்லை அது. சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேர் பையோடு நிற்பார்கள், இரவு பாட்டு, காலையில் மாடிப்படியில் காலி பாட்டில், திங்கட்கிழமை வீட்டுக்கார அம்மா பேச மாட்டார். இரண்டாவது முறை இது நடந்தபோது எங்களுக்கு ஒரு மாதக் கெடு கொடுத்தார், கெஞ்சித்தான் தப்பித்தோம். ரூம் லாட்ஜ் இல்லை என்று முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். திரும்பிப் போகும்போது அவர்கள் பையில் எடுத்துப் போகும் பாட்டிலோடு எல்லைச் சோதனையில் பிடிபட்டால் உங்களுக்கும் போன் வரும்.

செலவில்லாத ஊர்

சாயங்காலம் ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், காலை வரை நடப்பவர்களுக்குத்தான் சாலை. வார நாளில் போங்கள், காந்தி சிலைக்குப் பின்னால் பாறையில் உட்கார்ந்து சுண்டலோடு செமினார் தயாரித்தவர்கள் நாங்கள். ஞாயிறு என்றால் காந்தி வீதியில் சண்டே மார்க்கெட், சட்டை, வாளி, பழைய புத்தகம், ரூமுக்குத் தேவையான முக்கால்வாசி அங்கேயே முடிந்துவிடும். ஈஸ்வரன் தர்மராஜா கோவில் வீதியில் பாரதி இருந்த வீடு, பெருமாள் கோவில் வீதியில் பாரதிதாசன் வீடு, இரண்டும் அருங்காட்சியகம், கூட்டமே இருக்காது. 1908 முதல் பத்து வருஷம் பாரதியும் இந்த ஊரில் வெளியூர்க்காரராகத்தான் இருந்தார், வாடகைக் கஷ்டம் உட்பட. 1826-இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிற தூரம். ஆராய்ச்சி செய்பவர்கள் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனத்தின் நூலகத்தை விடாதீர்கள். பிரெஞ்சு கற்க ஆசை இருந்தால் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது.

திருவிழாக்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: ஆடியில் வீராம்பட்டினம் தேர், மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரை, ஜூலை 14 பிரெஞ்சு தேசிய நாள். ஒரு ஞாயிறு காலை சைக்கிள் எடுத்துக்கொண்டு ஆரோவில் பக்கம் போய் வரலாம், செம்மண் பாதையும் முந்திரித் தோப்பும் காசு கேட்பதில்லை, மாத்ரிமந்திர் உள்ளே போக மட்டும் முன்பதிவு வேண்டும்.

கடலில் இறங்குவது பற்றி மட்டும் கடுமையாகச் சொல்கிறேன். காலாப்பட்டுக் கடல் பார்க்க அமைதியாக இருக்கும், உள்ளே இழுப்பு பலமானது. நீச்சல் தெரியும் என்பது கிணற்றில் கற்றவர்கள் சொல்வது. மீனவர்கள் "இன்னைக்கு வேணாம் தம்பி" என்றால் பேசாமல் கரையில் உட்காருங்கள்.

காலி செய்வது

ஒப்பந்தத்தில் உள்ளபடி ஒரு மாதம் முன்னால், வாயால் சொன்னதை வாட்ஸப்பிலும் எழுதி அனுப்புங்கள். அட்வான்ஸைக் கடைசி வாடகையில் கழிப்பதா, கையில் கொடுப்பதா என்று அன்றைக்கே பேசிவிடுங்கள். சுவரில் அடித்த ஆணியைப் பிடுங்கி ஓட்டையை அடைத்து, கக்கூஸைக் கழுவி, குடி போன அன்று எடுத்த வீடியோவோடு ஒப்பிட்டுக் காட்டினால் பேச்சே வளராது. முத்தியால்பேட்டை அம்மா 10,000-த்தையும் எண்ணி முழுதாகக் கொடுத்தார். சாவியை வாங்கிக்கொண்டு, "உன்ன மாதிரி யாராவது படிக்கிற பசங்க இருந்தா அனுப்பு தம்பி" என்றார். சரிம்மா என்று படியிறங்கினேன். பின்னாலேயே குரல் வந்தது: "கருவாடு வறுத்தா ஜன்னலத் தொறந்து வைக்கச் சொல்லு. நீ இருந்த ரெண்டு வருஷமும் வாசனை கீழதான் வந்துச்சு."